விண்ணப்பத்தில் எங்களுக்கு இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமூக நோக்கோடு தொழில் செய்பவர்களுக்கு ஒழுங்குமுறை அமைப்புகள் செய்யக்கூடிய பேருதவி, குறுக்கே வராமல் ஒதுங்கி நிற்பதுதான் என்று சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். தங்கள் இதழை மதித்துப் படித்துவரும் எனக்கு அந்த வரி நாள்தோறும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பழுதான சக்கர நாற்காலிகளைச் சீர்செய்து குறைந்த விலைக்குத் தரும் சிறு நிறுவனம் ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பதிவுக்குப் போன அன்று விண்ணப்பத்தில் இருந்தவை இரண்டே கட்டங்கள்: இலாப நோக்குடையது, இலாப நோக்கற்றது. எங்களுக்கு இலாபம் வரும், ஆனால் அதில் பெரும்பகுதி தொழிலுக்கே திரும்பிவிடும் என்று நான் சொல்லச் சொல்ல, அலுவலர் பேனாவின் பின்முனையால் அந்தக் கட்டங்களை மாறிமாறித் தட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த தாளில் எங்களுக்கு இடமில்லை. அன்று முதல், கடன் கேட்டால் தொண்டு நிறுவனம் என்கிறார்கள், மானியம் கேட்டால் கம்பெனி என்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பங்குதாரர் தம் பங்கை விற்க முனைந்தபோது, வாங்க வந்தவர் முதலில் கேட்டதே குறைந்த விலை விற்பனையை எப்போது நிறுத்தலாம் என்பதுதான். அவரைத் தடுக்க எங்கள் கையில் எந்தச் சட்டமும் இல்லை. கடன் வாங்கி அந்தப் பங்கை நானே வாங்கினேன். இன்னும் அடைத்து முடியவில்லை.

பிரிட்டனில் 2005 முதல் சமூக நல நிறுவனம் என்ற தனி வகையே இருப்பது தாங்கள் அறியாததல்ல. அதன் சொத்தைச் சமூகப் பயனிலிருந்து வேறு வழிக்குத் திருப்ப முடியாதபடி சட்டமே பூட்டு போட்டிருக்கிறது. ஆண்டுதோறும் சமூகத்துக்கு என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். இவற்றைக் கவனிக்கத் தனி ஒழுங்காளரும் உண்டு. பிரான்சின் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் அமைப்பு விதிகளில் நோக்கத்தை எழுதி 'நோக்கமுள்ள நிறுவனம்' என்று அறிவித்துக்கொள்ளும் நிறுவனத்தைச் சார்பற்ற ஒருவர் சரிபார்க்க வேண்டும். தவறினால் அந்தப் பெயரையே நீதிமன்றம் பறிக்கலாம். எங்களுக்கு வேண்டியது இத்தகைய குறுக்கீடுதான். யாரும் குறுக்கே வராததால், அட்டைப்பெட்டியில் பச்சை இலையை அச்சிட்டவரும், பதினொரு ஆண்டு கணக்கைத் திறந்து காட்டுபவரும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகிறோம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று இந்தியா 2013-இல் சட்டம் செய்தது. நல்ல விதிதான், ஆனால் அந்த இலாபம் எப்படி ஈட்டப்பட்டது என்று அது கேட்பதில்லை. தங்கள் ஆண்டு மலரோ அத்தகைய நன்கொடைப் பட்டியலைத்தான் 'நோக்கமுள்ள நிறுவனங்கள்' என்ற தலைப்பில் ஆண்டு தவறாமல் வெளியிடுகிறது. இது குறித்து முன்பே இருமுறை எழுதினேன், பதில் இல்லை.

வரும் மலரிலாவது அந்தப் பட்டியலுக்கு 'நன்கொடைகள்' என்று தலைப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்