நானும் சொசைட்டி ஆள்தான்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மார்கழிப் பனியில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னால் காதில் வாங்கமாட்டேன் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "மியூசியம் வேலையை விட்டுடட்டுமாப்பா" என்று கேட்டாய். நான் "பார்ப்போம் தாயி" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பேச்சில் வராது. முப்பத்தொரு வருஷம் மினிட்ஸ் புக் எழுதின கை, எழுதினால்தான் வரும். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

கொல்லை வேலியில் கொடுக்காப்புளி மரம் இருக்கிறதே, அதற்குள் இப்போது அந்தக் குருவி வந்திருக்கிறது. போன வருஷம் நீ லீவுக்கு வந்தபோது பல் தேய்த்துக்கொண்டே காதைத் தீட்டி, "சத்தம் கேட்குதாப்பா, 'செக், செக்'னு? பிளித் நாணல் கதிர்குருவி" என்றாய். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். சாயம் போன காக்கிச் சட்டை நிறம். ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒன்றும் கிடையாது. ரஷ்யப் பக்கமிருந்து இத்தனை தூரம் பறந்து வந்து நம் வீட்டு வேலிக்குள் ஒளிந்துகொள்ளும் என்றாய். நான் கேட்டது வேறு: "பிளித்ன்னா யாரு?" நீ "அது ஒரு பழைய மியூசியம் ஆள்ப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய்.

அந்தப் பழைய மியூசியம் ஆளை நான் விடவில்லை. நீ விட்டுப்போன டேப்லெட்டில் தேடினேன். ஆர்தர் குரோட் என்ற அவருடைய நண்பர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த மனுஷனை எனக்கு முன்னாலேயே தெரியும் போல இருந்தது. அவரும் சொசைட்டி ஆள்தான். என்னுடையது கடன் சொசைட்டி. அவருடையது கல்கத்தாவில் இருந்த ஆசியாட்டிக் சொசைட்டி என்ற அறிஞர் சங்கம்.

எட்வர்டு பிளித் 1810 டிசம்பர் 23 அன்று லண்டனில் பிறந்தவர். பத்து வயதில் அப்பா போய்விட்டார். அம்மாவுக்குப் பையனைப் பாதிரியார் ஆக்க ஆசை. பையனுக்கு மரம், பூச்சி, பறவை. கடைசியில் டூட்டிங் என்ற இடத்தில் ஒரு மருந்துக் கடையை வாங்கினார். கடையில் ஆள் இருந்தால்தானே ஓடும்? இவர் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்து படிப்பார், எலும்புகளை வரைவார், பறவைகளைப் பாடம் செய்வார், வண்டு பிடிப்பார், ஜெர்மன் கற்றுக்கொள்வார், நடுநடுவே பாடுவாராம். கடை படுத்துவிட்டது. (ஆறாம் வகுப்பில் உன் ஜியோமெட்ரி பாக்ஸில் கிடந்த பொன்வண்டு ஞாபகம் வருகிறது. அம்மா போட்ட சத்தமும்.)

1835 முதல் 1837 வரை ஒரு இயற்கை வரலாற்றுப் பத்திரிகையில் சில கட்டுரைகள் எழுதினார். விலங்குகளில் வகைகள் எப்படி உண்டாகின்றன, இரை தேடுவதிலும் தப்பிப்பதிலும் வல்லது எப்படி நிலைக்கிறது என்பது பற்றி. டார்வின் புத்தகம் வருவதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால். இதை வைத்து 1959-இல் ஒரு அமெரிக்கப் பேராசிரியர், டார்வின் இவரிடமிருந்துதான் எடுத்தார் என்று வாதாடினார். எனக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம். இனம் மாறாமல் காப்பதற்குத்தான் அந்த வடிகட்டல் என்று நினைத்தார் பிளித். மாற்றுவதற்கே அதுதான் வழி என்று கண்டவர் டார்வின். பிளித்தும் தன்னுடையதை எடுத்துக்கொண்டார் என்று சண்டைக்குப் போகவில்லை.

உடம்பும் சரியில்லை, கையில் காசும் இல்லை. அந்த நேரத்தில் கல்கத்தா வேலை வந்தது. சம்பளம் குறைவு என்று தெரிந்தேதான் ஒத்துக்கொண்டார். 1841 செப்டம்பரில் வந்து இறங்கியவர் சொசைட்டியின் மியூசியத்தில் காப்பாட்சியராக உட்கார்ந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலிதான்.

அவருக்குக் காட்டுக்குப் போகக்கூட நேரமில்லை. காட்டிலிருந்து பெட்டி பெட்டியாக அவரிடம் வரும். பர்மாவிலிருந்து டிக்கெல் அனுப்புவார், நம் சென்னை மாகாணத்திலிருந்து ராணுவ மருத்துவர் ஜெர்டான் அனுப்புவார். அனுப்பியவர்கள் எல்லாம் நல்ல சம்பளக்காரர்கள், பொழுதுபோக்காகச் சுட்டவர்கள். இவர் பெட்டியைத் திறந்து, எது ஏற்கெனவே பெயருள்ளது, எது புதிது என்று பார்த்து, அளந்து, எழுதி, சொசைட்டியின் பத்திரிகையில் போடுவார். நம் வேலிக் குருவிக்கு அறிவியல் பெயர் வைத்து உலகத்துக்குச் சொன்னதும் அப்படித்தான், 1849-இல். அதே வருஷம்தான் மியூசியத்துப் பறவைகளின் முழுப் பட்டியலும் அச்சாகி வந்தது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று நீ காட்டித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு உங்கள் மியூசியத்தில் நீ ஒரு இழுப்பறையை இழுத்தாயே! ரசகற்பூர வாடை முகத்தில் அடித்தது. பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன, கண் இருந்த இடத்தில் பஞ்சு. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய சின்ன லேபிள், பழுப்பேறிய மையில் ஊரும் தேதியும். "தொடாதீங்கப்பா, பழசுல ஆர்செனிக் இருக்கும்" என்றாய். பறவையைவிட லேபிள்தான் முக்கியம், எங்கே எப்போது பிடித்தது என்று இல்லாவிட்டால் அது வெறும் இறகு மூட்டை என்றாய். எனக்கு எங்கள் ரெக்கார்டு ரூம் ஞாபகம் வந்தது. கையெழுத்தும் தேதியும் இல்லாத வவுச்சருக்கு என்ன மதிப்போ அதுதான். எங்களுக்கு ராமபாணப் பூச்சி, உங்களுக்கு வண்டு. கல்கத்தா மழைக்காலப் புழுக்கத்தில், கரண்ட் இல்லாத காலத்தில், அந்த மனுஷன் எத்தனை இழுப்பறைகளைக் காப்பாற்றியிருப்பார் என்று யோசித்துப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்த அதிகாரி உன்னை "நீங்க பறவையை மட்டும்தான் பார்க்கிறீங்க" என்று குறை சொன்னதாகச் சொன்னாயே. பிளித்துக்கும் இதே கதைதான். 1848-இல் அவர், லண்டனில் இருந்த விலங்கியல் அறிஞர் ரிச்சர்டு ஓவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னை இங்கிருந்து விரட்ட எல்லா வழியிலும் சூழ்ச்சி செய்கிறார்கள், பறவை ஆய்வாளன் என்று என்மேல் குற்றம் சாட்டுகிறார்கள், சொசைட்டிக்குப் பறவை ஆய்வாளன் தேவையில்லையாம் என்று. இதைப் படித்தபோது ராத்திரி பதினொரு மணி. சத்தமாகச் சிரித்துவிட்டேன், அம்மா எழுந்து வந்துவிட்டாள். குற்றப்பத்திரிகையைப் பார், பறவை தெரியும் என்பதுதான் குற்றம்.

சிரிப்பு வராத பகுதியும் இருக்கிறது. சம்பளத்தை உயர்த்துங்கள், ஓய்வூதியத்துக்கு வழி செய்யுங்கள் என்று அவர் கேட்டார். கேட்ட உயர்வு வரவில்லை. பற்றாக்குறையைச் சமாளிக்க, உயிருள்ள மிருகங்களையும் பறவைகளையும் வாங்கிச் சீமைக்கு அனுப்பும் வியாபாரத்தில் இறங்கினார். டார்வினைக்கூடக் கூட்டுக்குக் கேட்டுப் பார்த்தார், அவர் மறுத்துவிட்டார். மருந்துக் கடையையே நடத்தத் தெரியாதவர் புலி வியாபாரம் நடத்தினால் எப்படி இருக்கும்? 1854-இல் கல்யாணம். மூன்றே வருஷம், 1857 டிசம்பரில் அந்த அம்மாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் பழைய பிளித்தாக இல்லை.

இத்தனைக்கும் நடுவில்தான் பக்கம் பக்கமாக டார்வினுக்கு எழுதியிருக்கிறார். மாடு, ஆடு, நாய், கோழி என்று இந்தியாவில் தெரிந்ததையெல்லாம். 1855-இல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் புதிய இனங்கள் எப்படித் தோன்றுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்ததும் டிசம்பர் 8 அன்று டார்வினுக்கு, வாலஸ் கட்டுரையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், மொத்தத்தில் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். டார்வின் அப்போது அவ்வளவாக அசைந்துகொடுக்கவில்லை. 1858-இல் வாலஸே, டார்வின் மனதில் இருந்த அதே கருத்தை நேராக எழுதி அனுப்பியபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷம் முன்பே மணி அடித்தவர் கல்கத்தாவில் உட்கார்ந்திருந்தார். டார்வின் நன்றி கெட்டவரும் இல்லை. 1859-இல் வந்த தன் பெரிய புத்தகத்தில், வீட்டுக் கோழிகள் எல்லாம் இந்தியக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்ற பிளித்தின் கருத்தைச் சொல்லி, ஏறக்குறைய வேறு யார் கருத்தையும்விட இவருடையதை மதிப்பேன் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்.

மதிப்பு கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. 1862-இல் உடம்பு முடியாமல் வேலையை விட்டு ஊர் திரும்பினார். வருஷத்துக்கு 150 பவுண்டு ஓய்வூதியம். 1873 டிசம்பர் 27-இல் காலமானார், அறுபத்து மூன்று முடிந்து நான்கே நாள். பிறந்ததும் மார்கழி, போனதும் மார்கழி. பர்மாவின் பாலூட்டிகள், பறவைகள் பற்றி அவர் சேர்த்து வைத்த பட்டியல் 1875-இல், அவர் இறந்த பிறகுதான் அச்சானது. இந்தியாவில் இருந்த பறவை ஆய்வாளர் ஹியூம் இரங்கல் எழுதினார். புறக்கணிப்பும் கடுமையும் அவரை விரட்ட முடியவில்லை, செல்வமும் சுகமும் அவரை இழுக்க முடியவில்லை என்ற பொருளில். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கும்போது இதில் பாதி மரியாதையைச் சம்பளப் பட்டியலில் காட்டியிருக்கலாம்.

நீ இந்த வேலைக்குச் சேர்ந்தபோது நான் என்ன சொன்னேன்? "சம்பளத்தைப் பார்க்காதே, பிடித்த வேலை கிடைப்பதே புண்ணியம், மற்றது தானாக வரும்." நான் சொன்னது தப்பு. எனக்கும் தானாக வரவில்லை. நான் இருந்த சொசைட்டியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் செயலாளர் ஆனார்கள். நான் ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைக்கு வட்டி கட்டியது அம்மாவின் வளையல்கள். உன் பிஎஸ்சி பீஸ் கட்டின வருஷம் அடகுக்குப் போனவை திரும்பி வரவே இல்லை. உனக்கு இது தெரியாது, தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தோம்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். அந்த இழுப்பறையைத் திறக்கும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான், ஆகவே என் பேச்சு ஒரு பக்கமாகத்தான் சாயும். ஆனால் கேட்காமல் விட்டுவிட்டு வராதே. ஆறு வருஷமாகப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டைப் புதுப்பிக்கிறார்கள், சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை என்பதை எழுத்தில் கேள். நீ தயாரித்த பட்டியலில் உன் பெயர் வர வேண்டும் என்பதையும் கேள். பறவையை மட்டும் பார்ப்பதாகச் சொன்னதற்கு, இத்தனை இழுப்பறை சரிபார்த்தேன், இத்தனை லேபிள் படித்துப் பதிவு செய்தேன் என்று கணக்கைக் காட்டு. கெஞ்சாதே, கோபப்படாதே, எண்ணிக்கையைச் சொல். எண்களுக்கு முன்னால் பெரிய அதிகாரிகளே குரலைத் தாழ்த்துவதை நான் தணிக்கை நேரத்தில் பார்த்திருக்கிறேன்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தமிழில் ஒரு நகல் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எண்களுக்கு இடம் விட்டிருக்கிறேன், நீ இங்கிலீஷில் மாற்றிக்கொள். எங்கள் பாஷையில் "மேற்படி" அதிகமாக இருக்கும், அதை எடுத்துவிடு.

ஒருவேளை நீ வந்துவிட்டாலும் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆச்சி கட்டிலை மட்டும் கீழே இறக்கியிருக்கிறோம்.

குருவி இன்று காலையும் இருந்தது. கூப்பிட்டது ஐந்தரைக்கு, இருட்டு விலகவில்லை. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

மனுவைக் கொடுக்கும்போது ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள். தேதி போட மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா