கொழுந்து மலையில் பூவைத் தேடிய ஓராண்டு: மலர் வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பான உறுப்பினர்களே, வணக்கம்.

கடந்த சித்திரைப் பொதுக்கூட்டம் முதல் இந்தப் பங்குனி முடிய எமது சங்கம் ஆற்றிய பணிகளைச் சபையின் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் பாடசாலை மண்டபத்தில் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன. விரும்புவோர் எடுத்துப் பார்க்கலாம். அவற்றை வாசித்து நேரத்தைப் போக்காமல், இவ்வாண்டு நாம் கையிலெடுத்த முக்கிய வேலையைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறோம். தேயிலைப் பூ எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்" என்றார். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களிலும் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. மலர்ச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு, நிறத்தையும் பரிசையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது போதாது என்று அன்றே முடிவாயிற்று. மாதம் ஒரு பூ. அதைக் கையில் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, அது எப்போது விரிகிறது, எதற்காக அந்த நிறம், யார் அதைத் தேடி வருகிறார்கள் என்று அறிவது. இதுதான் இவ்வாண்டின் வேலைத்திட்டம்.

தேயிலையிலேயே தொடங்கினோம். வாரத்துக்கொரு முறை கொழுந்தெடுத்து, சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்து வெட்டி, செடியை இலைக்காகவே உழைக்க வைப்பதுதான் தோட்டத்தின் கணக்கு. அதில் பூவுக்கு இடமில்லை. ஆகவே கோயிலுக்கு மேலே காடாகிப் போன பழைய விதைத் தேயிலை மலைக்கு ஏறினோம். அங்கே செடிகள் ஆளுயரத்தைத் தாண்டி மரமாகவே நிற்கின்றன. இலைக்கக்கத்தில் ஒன்றும் இரண்டுமாக, நிலத்தைப் பார்த்தபடி வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நூற்றுக்கு மேற்பட்ட மஞ்சள் மகரந்தக் கேசரங்கள். மெல்லிய வாசம். தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத பூ இது. வேறொரு மரத்திலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். அதனால் விதையில் முளைக்கும் கன்று தாயைப்போல இருப்பதில்லை. ஒரே சீரான விளைச்சல் வேண்டுமென்று தண்டுத்துண்டை நட்டு வீ.பி. (விதையில்லா இனப்பெருக்க) தேயிலை வளர்க்கும் முறை வந்ததற்கு இந்தப் பூவின் குணமே காரணம். நாற்றுமேடையில் பல ஆண்டுகள் வேலை செய்த நம் உறுப்பினர் ஒருவர், ஓர் இலையும் ஒரு கணுவுமாகத் துண்டு வெட்டும் முறையை அங்கேயே செய்து காட்டினார். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலத்திலிருந்து நம் முன்னோர் தொட்டு வளர்த்த செடியின் பூவை முதன்முறையாகப் பார்த்தவர்கள் அன்று நம்மோடு பலர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு தாயார் அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அந்தூரியம். இது உறுப்பினர்களின் வருமானத்தோடு சேர்ந்த விடயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சிவப்பு நிறத்தில் அகன்று பளபளப்பது இதழ் அல்ல, உருமாறிய இலை. உண்மையான பூக்கள் நடுவில் நிற்கும் தண்டில் இருக்கின்றன. கண்ணாடி வைத்துப் பார்த்தால் பலாப்பழத் தோல் போலக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பூ. முதலில் ஒவ்வொன்றிலும் சூல்முடி ஈரமாக மினுங்கும்; அது காய்ந்த பிறகே மகரந்தம் வெளிவரும். இந்த முதிர்ச்சி அடியிலிருந்து நுனியை நோக்கி ஏறுகிறது. தண்டின் முக்கால் பங்கு முதிர்ந்து, விரலால் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால்தான் வெட்ட வேண்டும். சென்ற ஆண்டு நாம் அனுப்பிய பூக்கள் விரைவில் தலைசாய்கின்றன என்று ஒரு பூக்கடையிலிருந்து முறைப்பாடு வந்தது. நிறம் பிடித்தவுடனேயே வெட்டி அனுப்பியதுதான் காரணம் என்பது இந்தப் பயிற்சியில் தெளிவாயிற்று. தண்டைத் தடவிப் பார்த்து வெட்டத் தொடங்கியபின் அந்த முறைப்பாடு வரவில்லை.

அந்தூரியத்தின் தாயகம் கொலம்பியா, ஈக்குவடோர் நாடுகளின் மழைக்காடு. மரநிழலும் ஈரக்காற்றும் பழகிய செடி. 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். நமது ஹட்டன் பக்கத்து மார்கழி, தை இரவுகள் அதற்கு ஒத்துவராது. கண்டிப் பக்கத்தாருக்கு இல்லாத கஷ்டம் இது. இரவில் பொலித்தீன் விரிப்பு, பகலில் நிழல்வலை, தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் செங்கல் துண்டும் கலந்த தொட்டி என்று ஏற்பாடு செய்தவர்களின் செடிகள் தாக்குப்பிடித்தன. பக்டீரியா நோய் கத்தி வழியே ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் என்பதால், ஒவ்வொரு செடிக்குப் பின்னும் கத்தியைக் கிருமி நீக்கித் துடைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து யாரும் விடவேண்டாம்.

இதழ் என்று நாம் நம்பியவை இலையாக இருப்பதை இன்னும் சில செடிகளிலும் கண்டோம். காகிதப்பூவில் நிறமுள்ள மூன்று இலைகளுக்கு நடுவே நிற்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. நத்தார் காலத்தில் லயத்து வாசலெல்லாம் சிவக்கும் போயின்செட்டியாவிலும் அப்படித்தான். மெக்சிகோவைச் சேர்ந்த இந்தச் செடி, இரவு நீளும்போதுதான் சிவக்கும். பாதை விளக்குக்குக் கீழே நிற்கும் ஒரு செடியில் வெளிச்சம் விழும் பக்கம் பச்சையாகவே இருப்பதையும், மறுபக்கம் சிவந்திருப்பதையும் ஓர் இளம் உறுப்பினர் கவனித்து எல்லோரையும் அழைத்துச் சென்று காட்டினார். இவ்வாண்டின் மிகச் சிறந்த அவதானிப்பு என்று அதைத்தான் சொல்வேன்.

ஹைட்ரேஞ்சியா வெப்பமண்டலச் செடி அல்ல. ஆனாலும் நம் வாசல்களில் அது இல்லாத இடமில்லை என்பதால் சேர்த்துக்கொண்டோம். தேயிலைக்கு ஏற்ற அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறுகிறது. அது பூவின் நிறமியோடு சேர்ந்து நீலமாகிறது. சுண்ணாம்பு பட்ட மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். கோயில் மதில் ஓரம் நிற்கும் செடியின் ஒரு பக்கம் மட்டும் ஏன் நிறம் மாறியிருக்கிறது என்ற பல நாள் கேள்விக்கு இதுவே விடை.

ஆவணியில் நடந்த இரவு நிகழ்ச்சியை மறக்க முடியாது. மேல் டிவிசனில் ஓர் உறுப்பினர் வீட்டில் கடுபுல் மொட்டு விட்டிருந்தது. நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை என்று நாம் நினைக்கும் தட்டையான பச்சைப் பகுதி அதன் தண்டு. அந்தத் தண்டின் ஓரத்துப் பள்ளத்திலிருந்து மொட்டு கீழே தொங்கி, விரியும் நாள் நெருங்கும்போது கழுத்தை வளைத்து மேலே நிமிர்கிறது. எட்டு மணியளவில் வெளிப்புற மடல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் விலகின. பத்து மணிக்கு முழுவதும் விரிந்தபோது வாசம் பீலிக்கரை வரை வந்தது. உள்ளே சூல்முடி பல கிளைகளாக, வெள்ளை நட்சத்திரமாக நின்றது. இருளில் வரும் பூச்சிக்குத் தெரிவதற்கே அந்த வெண்மையும் வாசமும். பகலில் பறவைகளை அழைக்கும் செவ்வரத்தைக்கு வாசமே இல்லாததை இதோடு ஒப்பிட்டுப் பேசினோம். குழந்தைகள் தூங்காமல் இருந்தார்கள். விடியும்போது பூ துவண்டுவிட்டது.

பாடசாலையில் நடத்திய கருத்தரங்கில் நச்சுப் பூக்களைப் பற்றிப் பேசினோம். இது மிகவும் தேவையான வேலை. பாதையோரங்களில் தலைகீழாகத் தொங்கும் எக்காள வடிவ ஊமத்தைப் பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. கார்த்திகைப் பூவின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட்டுச் சமையலுக்குப் பூவையும் இலையையும் பறிப்பதால், பெற்றோரும் பிள்ளைக்காம்பரா (தோட்டக் குழந்தைகள் காப்பகம்) பொறுப்பாளர்களும் இந்த இரண்டு செடிகளையாவது அடையாளம் கண்டுவைக்க வேண்டும். மாணவருக்குக் கொடுத்த பயிற்சி உண்ணிச் செடியைப் பற்றியது: அதன் ஒரே கொத்தில் புதுப்பூ மஞ்சளாகவும் பழைய பூ சிவப்பாகவும் இருக்கும்; தேன் இருப்பது மஞ்சளில். வண்ணத்துப்பூச்சி எதில் உட்காருகிறது என்று பார்த்து எழுதச் சொன்னோம். அழகாக எழுதியிருந்தார்கள்.

ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குச் சுற்றுலா சென்றுவந்தோம். 1861இல் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிடத் தொடங்கப்பட்ட இடம் அது. சீதையம்மன் கோயிலிலும் வழிபட்டோம். ஓர்கிட் கூடத்தில் எழுந்த உரையாடலே இன்றைய தீர்மானத்துக்குக் காரணம்.

காட்டிலிருந்து ஓர்கிட் பெயர்த்துக்கொண்டு வருவது நம்மிடையேயும் நடக்கிறது என்பதை நான் வருத்தத்துடன் சொல்கிறேன். இலங்கையில் 180க்கு மேற்பட்ட ஓர்கிட் இனங்கள் உள்ளன. அவற்றில் பல வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளர்வதில்லை. மரத்தைப் பற்றி வாழ்பவற்றின் வேர்களில் ஈரத்தை உறிஞ்சும் வெண்ணிறப் போர்வை உண்டு. காற்றில் ஈரம் இருந்தால்தான் அந்தச் செடி உயிரோடிருக்கும். விதையோ தூசி, உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை, குறிப்பிட்ட பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது. மரத்திலிருந்து பிடுங்கி வந்து திண்ணையில் கட்டினால் பெரும்பாலும் காய்ந்துபோகும். நெலு என்னும் குறிஞ்சிச் செடியும் அப்படியே: 2013இல் ஹோர்ட்டன் சமவெளி முழுதும் பூத்தபோது கொத்துக் கொத்தாக ஒடித்தவர்கள், பல ஆண்டு வளர்ந்து ஒரே முறை பூத்து, விதை விட்டு மடியும் செடியின் அடுத்த தலைமுறையையே ஒடித்தார்கள். தேசியப் பூங்காவுக்குள் செடி பறிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

மண்டபம் தந்த பாடசாலை அதிபருக்கும், தொட்டி, உரம் வாங்க முன்பணம் தந்த உறுப்பினர்களுக்கும், இரவு நிகழ்ச்சிக்குத் தேநீர் தந்த வீட்டாருக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவில் மாற்றம் இல்லை. நிலுவை வைத்திருப்போர் வைகாசிக்குள் செலுத்தும்படி வேண்டுகிறேன்.

சபையின் முன் நான் வைக்கும் தீர்மானம்: வரும் ஆண்டு முதல் எமது கண்காட்சியில், நாற்றுப்பண்ணையில் வாங்கிய அல்லது வீட்டுச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஓர்கிட்டுகள் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும், காட்டிலிருந்து எடுத்தவை பரிசுக்கும் விற்பனைக்கும் சேர்க்கப்பட மாட்டா. இதை முன்மொழிகிறேன், வழிமொழிந்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்