நெருப்பை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறோம்

நோவா ஸ்கோஷியா, கனடா
அக்டோபர் 12, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் அப்பாவும் தம்பி வீட்டாரும் நலந்தானே? ஐப்பசி பிறக்கப்போகிறது. அங்கே மழை தொடங்கிவிட்டதா?

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பாவுக்குப் பின்னால் தீ எரிவதைப் பார்த்துவிட்டுப் பதறினாயே, "மர வீட்டுக்குள்ள தீயைப் போட்டுக்கிட்டு எப்படிட்டி தூங்குதிய?" என்று. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். போனில் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நீ "சரி, சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நெருப்பைப் பற்றி உனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிய கை உன்னுடையது. ஆனாலும் இந்த ஊர் அடுப்பில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அது உன் பழக்கத்துக்கு நேர் எதிரானது.

முதலில் அது என்ன அடுப்பு என்று சொல்கிறேன். இங்கே பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில் செங்கல்லால் ஒரு மாடம் கட்டி, அதிலிருந்து கூரைக்கு மேல் வரைக்கும் புகைபோக்கி எழுப்பியிருப்பார்கள். கணப்பு என்று சொல்லலாம். சும்மா திறந்து கிடக்கும் கணப்பில் தீ போட்டால் பார்க்க அழகுதான், ஆனால் அறைக்குள் இருக்கிற சூடான காற்றையும் சேர்த்து இழுத்து வெளியே விட்டுவிடும். அதனால் எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் அந்த மாடத்துக்குள் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றைச் சொருகியிருந்தார்கள். நீ பார்த்தது அதைத்தான்.

2023 கோடையில் வீடு வாங்கியபோது இன்சூரன்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இந்த அடுப்பைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கச் சொன்னார்கள். அதற்கென்று பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்கிற ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். வந்தவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அடுப்பைச் சும்மா சொருகியிருக்கிறார்கள், புகை நேராகப் பெரிய செங்கல் குழாய்க்குள் போய் அங்கேயே குளிர்ந்துவிடும், இப்படியே எரிக்கக் கூடாது என்றார். மேலிருந்து அடுப்பு வாய் வரைக்கும் 6 அங்குல எவர்சில்வர் குழாய் ஒன்றை இறக்க வேண்டியதாயிற்று. உன் மாப்பிள்ளையின் ஒரு மாதச் சம்பளம் அதிலேயே போனது.

ஹீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பாய். 2022 செப்டம்பர் 24 அன்று ஃபியோனா புயல் கரை ஏறியபோது இந்த மாகாணத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அது குளிர் இல்லாத மாதம், பிழைத்தோம். ஜனவரியில் வெளியே மைனஸ் 15 இருக்கும்போது கரண்ட் போனால் சில மணி நேரத்திலேயே வீடு சில்லிட்டுப் போகும், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அதனால் விறகடுப்பு இங்கே ஆடம்பரமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் குளிர்காலத்தில் நான் உன் மகளாகத்தான் இருந்தேன். நீ என்ன செய்வாய்? விறகைப் பின்னால் இழுத்து, தீயை அடக்கி, ஒரு கட்டு விறகில் மூன்று வேலையை முடிப்பாய். நானும் ராத்திரி படுக்கப்போகும் முன் பெரிய பெரிய கட்டைகளாக அடுக்கி, காற்று வழியை நன்றாக அடைத்துவிடுவேன். கட்டை கனிந்து கனிந்து விடியும்வரை தாங்கும். விறகு மிச்சம் என்று எனக்குப் பெருமை வேறு.

ஏப்ரலில் சிம்னி துடைக்கிறவர் வந்தார். கூரை ஏறி நீளமான கம்பிகளை ஒன்றோடொன்று கோத்து, நுனியில் வட்டத் தூரிகையை மாட்டி உள்ளே விட்டார். எவர்சில்வர் குழாயில் கீறல் விழக் கூடாது என்பதால் பிளாஸ்டிக் முள் தூரிகை. கருகின அப்பளத்தை நொறுக்கினது போல ஒரு வாளி நிறையக் கறுப்புச் சில்லுகள் கொட்டின. குழாயின் உச்சியில், தொப்பிக்குப் பக்கத்தில், அதுவும் இல்லை. பாகு முறுகிச் சட்டியில் பிடித்துக்கொள்ளுமே, அதுபோலப் பளபளவென்று இறுகிப் போயிருந்தது. அவர் அதில் ஒரு துண்டைப் பெயர்த்து என் கையில் கொடுத்து, "இதுதான் உங்கள் வீட்டை எரிக்கப் பார்த்தது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அதன் பெயர் கிரியோசோட். விறகு காற்று போதாமல் புகைந்தால் அந்தப் புகையில் எரியாத தாரும் நீராவியும் கலந்திருக்கும். குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அது அங்கேயே படிந்துவிடும். முதலில் கரித்தூள், அப்புறம் சில்லு, கடைசியில் இந்தப் பாகு. பாகு நிலைக்குப் போய்விட்டால் தூரிகைக்கு அசையாது. அன்றைக்கு உச்சியில் ஓரளவுதான் இருந்ததால் சுழலும் கருவியைப் போட்டு எடுத்துவிட்டார். பிறகொரு நாள் அடுப்பில் தீ ஓங்கி எரிந்து இந்தப் படிவம் பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள்ளேயே 1000 டிகிரிக்கு மேல் தீ ஓடும். ரயில் வருவதுபோலச் சத்தம் கேட்குமாம். கேட்டால் அடுப்பின் கதவையும் காற்று வழியையும் அடைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி 911க்குப் போன் செய்ய வேண்டும். அந்த எண் பாப்பாவுக்கும் மனப்பாடம்.

ஆகவே அம்மா, இங்கே அடங்கிக் கிடக்கிற தீதான் ஆபத்து. சின்னதாக, காற்று தாராளமாகக் கொடுத்து, சுறுசுறுப்பாக எரிகிற தீ நல்லது. இப்போது சாயங்காலம் 4 மணிக்குப் பற்றவைத்தால் 8 மணிக்குக் கடைசி விறகு. நாங்கள் படுக்கும்போது கங்குதான் இருக்கும், கதவு இறுக மூடியிருக்கும். ராத்திரிக்கு ஹீட் பம்ப் என்கிற கரண்ட் ஹீட்டர் ஓடும். நீ கேட்டதற்குப் பதில் இதுதான், எரிகிற தீயை வைத்துக்கொண்டு நாங்கள் தூங்குவதில்லை. பற்றவைத்து இருபது நிமிஷம் கழித்து முற்றத்தில் போய் நின்று புகைபோக்கியைப் பார்ப்பேன். புகையே கண்ணுக்குத் தெரியாவிட்டால் நன்றாக எரிகிறது என்று அர்த்தம்.

விறகிலும் நான் ஏமாந்தேன். இங்கே விறகைக் கார்டு என்ற கணக்கில் விற்கிறார்கள், 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் அடுக்கினால் ஒரு கார்டு. எங்களுக்கு வருஷத்துக்கு மூன்று வேண்டும். மேப்பிள், பிர்ச் மரங்கள். காய்ந்தது என்று சொல்லித்தான் கொண்டுவந்து தட்டினார்கள், போட்டால் நுனியில் நுரை தள்ளிச் சீறியது. இப்போது இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கியிருக்கிறேன். கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்த்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே வரும். இந்த வருஷம் வாங்கியதை அடுத்த வருஷம்தான் எரிக்கிறோம். மழைக்கு முன்னால் நீ மட்டையையும் பாளையையும் உடை விறகையும் பரணில் ஏற்றுவாயே, அதே வேலை. கடற்கரையில் ஒதுங்குகிற கட்டைகளை ஓசியில் கிடைக்கிறதே என்று எடுத்துவந்த உன் மாப்பிள்ளையையும் தடுத்துவிட்டேன். அதில் ஏறியிருக்கிற உப்பு இரும்பை அரித்துவிடும். பெயின்ட் அடித்த பலகையும் பிளாஸ்டிக்கும் அடுப்புப் பக்கமே போகக் கூடாது, விஷப்புகை.

சாம்பலைப் பற்றிச் சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். ராத்திரி அடுப்பில் கங்கின் மேல் சாம்பல் போட்டு மூடிவைத்து, விடியக்காலை ஊதுகுழலால் நாலு ஊது ஊதினால் பிடித்துக்கொள்ளுமே, அந்த வித்தையே இங்கே வீடுகளை எரிக்கிறது. ஆறிவிட்டது என்று நினைத்துச் சாம்பலைக் காகிதப் பையிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ அள்ளி மரத்திண்ணையில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு கிடக்கும். நான் இரும்பு வாளியில் அள்ளி, இரும்பு மூடி போட்டு, வீட்டைவிட்டுத் தள்ளிக் கல்லின் மேல் வைத்து ஒரு வாரம் தொடுவதில்லை. எல்லாவற்றையும் அள்ளிவிடுவதும் இல்லை, ஓர் அங்குலம் அடியில் விட்டால் அடுத்த தீ சுலபமாகப் பிடிக்கும். அள்ளும்போது மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். வீடு பெருக்குகிற வாக்குவம் மெஷினால் உறிஞ்சவே மாட்டேன், கங்கு உள்ளே போனால் அதுவே பற்றிக்கொள்ளும்.

அடுப்பின் கண்ணாடி கறுத்துப்போனால் ஈரக் காகிதத்தை மெல்லிய சாம்பலில் தொட்டுத் தேய்ப்பேன். வெண்கலப் பானையை நீ விளக்குவது போலத்தான், பளிச்சென்று வந்துவிடும். பாப்பா அருகில் நின்று பார்த்துவிட்டு, "இது ஆச்சி கண்டுபிடிச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மாதம் ஒருமுறை கதவிடுக்கில் காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். வழுக்கிக்கொண்டு வந்தால் காற்றுப் புகாமல் கதவைச் சுற்றி வைத்திருக்கிற அடைப்புக் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் துணி, நாற்காலி, பொம்மை எதுவும் கிடையாது. பாப்பாவுக்காகக் கம்பித் தடுப்பும் போட்டிருக்கிறோம்.

போன பிப்ரவரியில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. நீ அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன். வாடை அக்கம்பக்கம் போகாமலிருக்க ஜன்னலை எல்லாம் அடைத்து, அடுப்படி விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அந்த நேரத்தில் உன் மாப்பிள்ளை விறகு போடக் கணப்பின் கதவைத் திறந்தார். புகை மேலே போகாமல் கூடத்துக்குள் புரண்டு வந்துவிட்டது! இங்கே வீடுகளைக் குளிருக்காக இடுக்கு இல்லாமல் கட்டுகிறார்கள். விசிறி காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்குகிறது. அலாரம் அலறியது. புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கென்று தனி அலாரம் மாடியிலும் கீழேயும் இருக்கிறது. மாதாமாதம் பொத்தானை அமுக்கிச் சோதிக்கிறேன். விசிறி போட்டால் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைக்கிறேன்.

சிம்னிக்காரர் வந்ததும் முதலில் கேட்டது "குருவி இருக்கிறதா?" என்றுதான். நம் பனையோலையின் அடியில் கூடு ஒட்டிவைக்குமே உழவாரன், அதன் உறவுக்காரப் பறவை இங்கே புகைபோக்கிக்குள் கூடு கட்டுகிறது. இந்த நாட்டில் எண்ணிக்கை குறைந்துபோய்ச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, அது குஞ்சு பொரிக்கிற கோடை மாதங்களில் புகைபோக்கியைத் துடைக்கக் கூடாது. வுல்ஃப்வில் என்ற ஊரில் பழைய பால் பண்ணை ஒன்றின் புகைபோக்கியை இதற்காகவே இடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். ஜூனில் பாப்பாவைக் கூட்டிப்போனேன். இருட்டுகிற நேரம் வானத்தில் சுற்றிச் சுற்றி வந்தவை திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறங்கின. பனங்காட்டில் நிற்பது போலவே இருந்தது, எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது எல்லாம் அமேசான் காட்டுப் பக்கம் போயிருக்கும். எங்கள் குழாயில் வழுக்கும் என்பதால் வலைத் தொப்பி போட்டு அடைத்திருக்கிறோம். பறவைக்கு நல்லதுதான், ஆனாலும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது போல எனக்கு வருத்தம்.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. போன மழைக்கு அப்பா பின்கட்டு அடுப்படியின் புகைக்கூண்டைத் தகரம் போட்டு அடைத்தாரே, திறந்தாரா இல்லையா? கேஸ் இருந்தும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் நீ அங்கேதான் உட்காருகிறாய். வீடியோவில் நீ பேசுவதைவிட இருமுவதுதான் அதிகமாகக் கேட்கிறது. என் வீட்டுத் தீயைப் பார்த்துப் பயந்தாயே, அந்தப் புகைக்குள் நீ உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பியிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை ஆள் கூட்டிவந்து தகரத்தை எடுத்துவிட்டு, மழை உள்ளே வராதபடி நாலு பக்கமும் திறந்த கூண்டாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒட்டடையையும் அன்றைக்கே அடித்துவிடட்டும். பணம் அனுப்பியாயிற்று. வேலை முடிந்ததும் கூரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் மகள்