முதலாண்டு ஹாஸ்டலுக்குள் குடிபோகலாமா?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முதலாண்டு ஹாஸ்டலுக்குள்ளேயே வீடு தருகிறோம், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று நீ பாடம் நடத்தும் கல்லூரியின் முதல்வர் கூப்பிடுகிறார், போகட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். தங்கச்சிக்கு, அதாவது உன் மனைவிக்கு, அரை மனசு என்றும் எழுதியிருக்கிறாய். போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். நிதானமாக எழுதவேண்டிய விஷயம் இது.

முதலில் வீட்டுச் செய்தி. மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருஷம். என் மனைவிக்கு முழங்கால் வலி இருந்தாலும் நடையை விடுவதில்லை. பிள்ளைகள் இரண்டும் வெளியே போனபிறகுதான் நாங்கள் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இங்கே அமெரிக்காவில் நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் இந்த மாணவர் விடுதியின் தரைத்தளத்துக்கு, மாணவர்களோடு குடியிருக்கும் பேராசிரியராக வந்தோம். மேலே நாலு மாடி முழுக்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். வாடகை கிடையாது, அவர்களோடு சேர்ந்து சாப்பிட மெஸ் அட்டை உண்டு. பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டால், பட்டியல் போட அதிகம் இல்லை. ஞாயிறு இரவு கதவைத் திறந்து வைத்து டீ கொடுக்கிறோம். மெஸ்ஸில் ஏதாவது ஒரு மேஜையில் போய் உட்கார்கிறேன். நடுராத்திரி யாரோ பாப்கார்னைக் கருக்கி ஃபயர் அலாரம் அடித்தால், லுங்கிக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவர்களோடு பனியில் நிற்கிறேன். துணி துவைக்க பேஸ்மெண்டுக்குப் போகிறேன். இந்த பேஸ்மெண்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் குடியிருப்புக்குள் வாஷிங் மெஷின் கிடையாது, பொது மெஷின்தான். துணி சுற்றி முடிக்கும்வரை எங்கும் போகமுடியாது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பேசுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்கென்று அறை இருக்கிறது, ஆபீஸ் அவர்ஸ் என்று நேரம் குறித்துக் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் அங்கே எளிதில் வருவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், அந்த நேரம் திட்டு வாங்குவதற்கானது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதே பிள்ளை துணி மடித்துக்கொண்டே, "அம்மாவுக்கு நான் டாக்டர் ஆகணும், எனக்குக் கெமிஸ்ட்ரி ஏறவே மாட்டேங்குது, வேற பாடத்துக்கு மாறட்டுமா?" என்று கேட்டுவிடுகிறது. அக்டோபரில், முதல் பரீட்சைத் தாள் திரும்பி வரும் சமயத்தில், இப்படிக் கேள்விகள் நிறைய வரும். பள்ளியில் முதல் இடத்திலேயே இருந்து பழகியவர்கள் அந்த மாதம் ஆடிப்போய்விடுகிறார்கள். அப்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது பெரிய பலம் மாப்ளே. இதை நான் மனசார நம்புகிறேன்.

ஆனால் ஒன்று. இந்தக் கட்டடத்தில் யாருக்கும் நான் மார்க் போடுவதில்லை, யாரையும் தண்டிப்பதும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் வேறு விடுதிகளில் இருக்கிறார்கள். குடி, சண்டை, சத்தம் என்று விதி மீறினால் கவனிக்க ஆர்.ஏ. என்று சீனியர் மாணவர்கள் மாடிக்கு ஒருவர் உண்டு, அவர்களுக்கு மேலே விடுதி அலுவலகம் இருக்கிறது. நான் அதில் தலையிடுவதில்லை. பேஸ்மெண்டில் பிள்ளைகள் வாய் திறப்பதற்குக் காரணமே இதுதான்.

வெர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தபோது இது எனக்கு இன்னும் நன்றாக உறைத்தது. தாமஸ் ஜெஃபர்சன் தானே வரைந்து எழுப்பிய வளாகம் அது. நடுவில் நீண்ட புல்வெளி. இருபுறமும் ஐந்தைந்தாகப் பத்து வீடுகள், பெவிலியன் என்று பெயர். கீழே வகுப்பு நடத்த இடம், மேலே பேராசிரியரின் குடும்பம். வீட்டுக்கு வீடு நடுவில் வரிசையாக மாணவர் அறைகள். ஆசிரியரும் மாணவரும் ஒரே கிராமமாக வாழவேண்டும் என்பது அவர் கனவு. (அதைக் கட்டியதிலும், அங்கே சமைத்துத் துடைத்து வைத்ததிலும் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பு இருக்கிறது. நீண்ட காலம் அதைப் பேசாமலே இருந்தார்கள். இப்போது அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.)

1825 மார்ச்சில் வகுப்புகள் தொடங்கின. அக்டோபரிலேயே முகமூடி போட்ட மாணவர்கள் பேராசிரியர்கள்மேல் பாய்ந்தார்கள். 82 வயது ஜெஃபர்சன் மாணவர்களைக் கூட்டிப் பேச எழுந்தார், துக்கம் தொண்டையை அடைக்க, பேசமுடியாமல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. விடியும்போதே எழுந்திருக்கவேண்டும், சீருடை போடவேண்டும் என்றெல்லாம் வந்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்த பேராசிரியர்களே மாணவர்களை விசாரித்துத் தண்டிக்கவும் வேண்டியிருந்தது. 1840 நவம்பரில் ஜான் டேவிஸ் என்ற சட்டப் பேராசிரியர், தன் வீட்டுக்கு முன்னால் கலாட்டா செய்த மாணவனின் முகமூடியை விலக்கப் போனார். அவன் சுட்டுவிட்டான். சில நாளில் அவர் இறந்துபோனார். அதன்பிறகே, 1842இல், பரீட்சையில் யாருடைய உதவியும் பெறவில்லை என்று மாணவர்களே உறுதி எழுதித்தரும் முறை அங்கே வந்தது.

அந்தப் புல்வெளியில் நடந்தபோது உன் ஊர் ஹாஸ்டல்தான் நினைவுக்கு வந்தது. பக்கத்திலேயே குடியிருந்தால் போதும், பாசம் தானாக வந்துவிடும் என்று ஜெஃபர்சன் நம்பினார். பிரம்பையும் அதே கையில் கொடுத்துவிட்டால் அது வராது.

பேராசிரியரை மாணவர்களோடு குடிவைக்கும் இந்த யோசனை இந்த நாட்டில் மறுபடி உருப்பெற ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. ஸ்டாண்டர்ட் ஆயில் சொத்துக்கு வாரிசான எட்வர்ட் ஹார்க்னெஸ், இப்படிப்பட்ட மாணவர் குடியிருப்புகளைக் கட்ட, தான் படித்த யேலுக்குத்தான் முதலில் பணம் தர முன்வந்தார். யேல் இழுத்தடித்தது. 1928இல் ஹார்வர்டுக்குப் போனார், அங்கே தலைவர் லோவெல் உடனே கையை நீட்டினார். 1930இல் ஹவுஸ் என்ற பெயரில் முதல் இரண்டு குடியிருப்புகள் திறந்தன, 1933இல் யேலும் தொடங்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு பேராசிரியர் குடும்பத்தோடு இருப்பார். ஆனால் ஹார்வர்டில் இரண்டாம் ஆண்டில்தான் ஹவுஸுக்குள் நுழைய முடியும். அதிகம் தடுமாறும் முதலாண்டுக்குத்தான் பக்கத்தில் பேராசிரியர் வேண்டும் என்பது என் கருத்து. டியூக் பல்கலைக்கழகம் 1995இல் முதலாண்டு மாணவர்கள் அனைவரையும் ஈஸ்ட் கேம்பஸில் ஒன்றாக வைத்தது, அங்கே விடுதிகளுக்குள் பேராசிரியர்கள் குடியிருக்கிறார்கள். நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் 2008இல் முதலாண்டுக்கென்றே பத்து ஹவுஸ்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பேராசிரியரைக் குடியமர்த்தியது.

நமக்கு மட்டும் இது புதிதா? பாரிமுனையிலிருந்த கிறிஸ்துவக் கல்லூரி 1937இல் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்ததே ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் இருக்கத்தானே. சேலையூர் ஹாலில் நமக்கு வார்டனாக இருந்தவரை நினைத்துப் பார். அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்துதானே நீ தமிழ் எம்.ஏ. படிப்பதென்று முடிவெடுத்தாய்.

உன் கல்லூரியின் பயமும் எனக்குப் புரிகிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஹாஸ்டலில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட செய்தி வந்த நாளை நாம் இருவருமே மறக்கவில்லை. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிகள், முடிந்தவரை முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஹாஸ்டல் பிளாக் என்கின்றன. ராத்திரி சுற்றிப் பார்க்கவும், சீனியர் உள்ளே வராமல் தடுக்கவும் ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆளும் நீயும் ஒருவராக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அதனால் போ. ஆனால் சம்மதம் சொல்லுமுன் முதல்வரிடம் இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள். ராத்திரி அட்டெண்டன்ஸ், அவுட்பாஸ், கேட் எல்லாம் வேறொரு துணை வார்டன் கையில் இருக்கட்டும். உன் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் இன்டர்னல் மார்க்கை இன்னொருவர் போடட்டும். ஹாஸ்டலில் நீ இருக்கும்வரை முதலாண்டு வகுப்பே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. வீட்டுக்குத் தனி வாசல் கேள், தங்கச்சியின் அரை மனசுக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அவள் யாருக்கும் சமைத்துப் போடவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் இப்போதே பேசிவிடு. இங்கே பேராசிரியரின் மனைவி சம்பளமில்லாத வேலைக்காரியாகிப்போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஒரு பிள்ளை பேச வந்தால் கதவைத் திறந்தே வை. "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்று ஆரம்பித்தால், உயிருக்கு ஆபத்து, ராகிங், பாலியல் தொல்லை இந்த மூன்றையும் நான் மேலிடத்தில் சொல்லியே ஆகவேண்டும் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடு. கேட்டபிறகு சொன்னால் அந்தப் பிள்ளை உன்னை மன்னிக்காது. முன்னாலேயே சொன்னால், பெரும்பாலும் சொல்லத்தான் செய்கிறார்கள். யாராவது பொறுப்பெடுக்கட்டும் என்றுதான் வந்திருப்பார்கள்.

வாரத்தில் சில வேளையாவது மெஸ்ஸில் அவர்களோடு வரிசையில் நின்று சாப்பிடு. தனி மேஜை போட்டால் உட்காராதே.

முதல்வர் எதற்கு ஒப்புக்கொண்டார், எதற்கு முகம் சுளித்தார் என்று எழுது. மார்க் விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம் பிடித்தால் எனக்குப் போன் பண்ணு, வேறு வழி யோசிப்போம். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம். அதற்குள் நீ குடிபோயிருந்தால் அந்த ஹாஸ்டல் வீட்டிலேயே தங்குகிறோம். தங்கச்சியிடமும் கேட்டுவிட்டுச் சொல்.

அன்புடன்,
உன் ரூம்மேட்