எட்டுத் தகட்டை மிச்சம் பிடித்த கொட்டகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கட்டி ஒன்றரை ஆண்டுகூட ஆகாத சந்தைக் கொட்டகை ஒழுகுவதைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். காய்கறி விற்கும் பெண்கள் கூரைக்கு அடியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம். தரமில்லாத தகடு போட்டதுதான் காரணம் என்று பொதுமக்கள் சொல்வதாகச் செய்தி முடிந்திருந்தது. அந்தப் பொதுமக்களில் என்னைச் சேர்க்க வேண்டாம். தகடு நல்ல தகடு. மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 63. அப்பா கீற்று வேய்ந்தவர். நான் கல்நார் ஓட்டில் தொடங்கி, ஜி.ஐ. தகட்டுக்கு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வந்து, கடைசியில் வண்ணம் பூசிய தகடு வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் கூரை போட்டவன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கத்துக் கூரைகளை வாரிக்கொண்டு போன பிறகு, கீற்று வீடுகளும் ஓட்டு வீடுகளும் வரிசையாகத் தகட்டுக்கு மாறின. அப்போது இரண்டு ஆண்டுகள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. இப்போது இடுப்பு ஒத்துழைப்பதில்லை. ஆனாலும் போன ஞாயிறு காலை, சந்தைக் காவலரிடம் சொல்லிவிட்டு ஏணி வைத்து ஏறினேன். (என் மனைவிக்கு இந்தக் கடிதம் அச்சான பிறகுதான் இது தெரியவரும்.)

கையில் ஓர் அளவு டேப், ஒரு ஹாக்சா பிளேடு. முகட்டிலிருந்து கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணம் வரை ஒரே தகடு எட்டாது என்பதால் சரிவு ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசை போட்டிருக்கிறார்கள். மேல் வரிசைத் தகடு கீழ் வரிசையின் மேல் ஏறிக் கிடக்கும் பாகத்தை எங்கள் தொழிலில் லேப் என்போம். அந்த லேப்பின் கீழ் விளிம்பு நெடுக யாரோ சிலிகான் பசையைப் பிதுக்கிப் பூசியிருந்தார்கள். ஒழுகுகிறது என்று புகார் போனதும் செய்த மராமத்து. பிளேடால் ஓர் இடத்தில் பசையை அறுத்தேன். அறுத்த வாயிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் வழிந்து, நெளியில் (தகட்டின் அலை போன்ற வளைவில்) ஓடியது. மழை விட்டு அன்றைக்கு மூன்றாவது நாள். பிளேடை உள்ளே செலுத்தினேன். 80 மி.மீ. போனதும் மறுபக்கம் வெற்றிடத்தில் ஆடியது. அதாவது லேப் நான்கு விரற்கடை. வெளியே இழுத்தால் பிளேடு முழுக்கப் புளிக்கரைசல் நிறத்தில் ஈர மண்.

தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பதை நம்பித்தான் பலரும் லேப்பைக் குறைக்கிறார்கள். இடுக்கில் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதுதான். இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிப் பிடித்து நுனியைத் தண்ணீரில் தொட்டுப் பாருங்கள். தகடுகள் எவ்வளவு நெருக்கமாகப் படிகின்றனவோ அவ்வளவு நன்றாக உறிஞ்சும். இந்தக் கொட்டகைக்குக் கொடுத்திருக்கும் வாட்டம், அதாவது சாய்வு, பத்தடிக்கு அரையடி. 80 மி.மீ. லேப்பை அந்த வாட்டத்தில் கிடத்தினால் அதன் கீழ் விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் உள்ள உயர வித்தியாசம் வெறும் 4 மி.மீ. அதைத் தாண்டத் தண்ணீருக்குக் காற்றின் உதவிகூடத் தேவையில்லை. பத்தடிக்கு ஓரடி வாட்டமும் 150 மி.மீ. லேப்பும் கொடுத்திருந்தால் அதே உயரம் 15 மி.மீ. ஆகியிருக்கும். வாட்டத்தைக் கூட்ட முடியாவிட்டால் லேப்பையாவது ஒரு சாணுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, ஏறிய தண்ணீர் என்ன ஆகும்? கீழ் விளிம்பு திறந்திருந்தால் மழை விட்டதும் வந்த வழியே இறங்கிவிடும், காற்றோட்டத்தில் காயும். இங்கேதான் அந்த வாயைப் பசை பூசி அடைத்துவிட்டார்களே. நாள் முழுக்க வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தகட்டில் அந்தப் பசை பல இடங்களில் முடியளவு விட்டிருக்கிறது. விட்ட இடத்தில் தண்ணீர் நுழைகிறது, வெளியே வரத்தான் வழியில்லை. ஆறு மீட்டர் தகடு ஒன்று நண்பகலுக்கும் விடியற்காலைக்கும் 40 டிகிரி வித்தியாசம் கண்டால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீண்டு சுருங்கும். மாலையில் தகட்டுக் கூரை டக் டக்கென்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள், அது இந்தச் சுருக்கம்தான். அதற்கு ஈடுகொடுக்க, கூடவே இழுபடும் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை) வேண்டும். அதையும் தகடு பூட்டுவதற்கு முன்பே, இரண்டு தகடுகளுக்கும் நடுவில், ஸ்குரூ வரிசைக்குச் சற்று மேலே ஒட்ட வேண்டும். கீழ் விளிம்பில் வெளியிலிருந்து பூசுவது காயத்தைக் கழுவாமல் கட்டுப்போடுவது மாதிரி.

பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பக்கவாட்டு லேப் இன்னொரு கதை. 1829-இல் லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பால்மர் நெளித் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய இரும்புத் தகட்டை அலை அலையாக வளைத்தால் அதற்கு நிற்கும் பலம் வருகிறது என்பது அவருடைய யோசனை. கூரைக்காரனுக்கு அதில் இன்னொரு லாபம் உண்டு. தண்ணீர் பள்ளத்தில் ஓடும், மூட்டு மேட்டில் உட்காரும், இரண்டும் சந்திக்கவே தேவையில்லை. ஒன்றரை நெளி ஏற்றிப் போட்டால் மேல்தகட்டின் ஓரம் கீழ்நோக்கியும் அடித்தகட்டின் ஓரம் மேல்நோக்கியும் வளைந்து, ஒன்றைத் தாண்டியதை இன்னொன்று தடுக்கும். சந்தைக் கொட்டகையில் ஏறியிருப்பது ஒரு நெளி. நெளிக்கு நெளி இடைவெளி 75 மி.மீ. மூட்டுக்கு அரை நெளி மிச்சம் பிடித்தால் 37.5 மி.மீ. ஒரு வரிசையில் நாற்பது மூட்டுகள்: ஒன்றரை மீட்டர், அதாவது இரண்டு தகடு. இரண்டு சரிவிலும் சேர்த்து நான்கு வரிசை. எட்டுத் தகடு மிச்சம்.

ஒப்பந்ததாரரைத் திருடன் என்று சொல்ல நான் வரவில்லை. அவருக்குப் பணம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். தகட்டுக் கூரையை அளக்கும்போது மூடிய பரப்பைத்தான் சதுர மீட்டரில் அளப்பார்கள். நெளிக்கும் லேப்புக்கும் தனிக் கணக்கு இல்லை, எல்லாம் விலையிலேயே அடக்கம். ஆக, லேப்பில் போகும் ஒவ்வொரு அங்குலமும் போடுகிறவர் கைக்காசு. யாரும் அளக்காத, யாரும் காசு கொடுக்காத ஒரு பொருள் மெலிந்துகொண்டேதான் போகும். மதிப்பீட்டில் தகட்டின் தடிமனையும் துத்தநாகப் பூச்சையும் வரி வரியாக எழுதுகிறார்கள். எத்தனை நெளி ஏற வேண்டும், எத்தனை மி.மீ. ஏற வேண்டும் என்று எழுதினாலும், பில் போடும் நாளில் ஏணி ஏறி யார் பிளேடைச் செருகுகிறார்கள்?

தகட்டை எந்தப் பக்கமிருந்து போடத் தொடங்குவது என்பது எந்தக் காகிதத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டது. எங்களுக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குக் காற்றோடு வருவது. அதனால் மேற்குக் கோடியில் முதல் தகட்டைப் போட்டுக் கிழக்கு நோக்கி வர வேண்டும். அப்போது பக்க லேப்பின் வாய் மேற்கே பார்க்கும், காற்று அதன் முதுகில் ஏறிப் போய்விடும். இங்கே தலைகீழ். காவலரிடம் விசாரித்தேன். வேலைக்கு வந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களாம். அவர்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று அடிக்கும், கிழக்கிலிருந்து தொடங்குவதுதான் அங்கே சரி. கைப்பழக்கத்தில் இங்கேயும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர்கள்தான், வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் வரிசைக்கு நாற்பது வாயும் வாடைக்காற்றைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. "மழையில் கோழி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, பார்" என்பார் அப்பா. காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும், அப்போதுதான் இறகு படிந்திருக்கும். பின்னாலிருந்து காற்று வாங்கினால் சிலுப்பிக்கொண்டு தோல்வரை நனையும்.

புயலுக்கு இந்தக் கணக்குச் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புயலின் கண் கடக்கும் முன் ஒரு பக்கமிருந்து அடிப்பது, கடந்த பின் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். அப்போது காப்பாற்றுவது ஓரத்திலும் மூலையிலும் நெருக்கிப் போட்ட ஸ்குரூக்கள்தான். காற்று விசைக்கான இந்தியத் தரக் குறியீடு 875-இன் மூன்றாம் பாகம் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்றும் சென்னைக்கு 50 மீட்டர் என்றும் வைத்திருக்கிறது. விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், ஆகவே சென்னையில் விசை கோவையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரே ஸ்குரூ இடைவெளியை எல்லா ஊருக்கும் எழுதலாமா?

ஸ்குரூ என்றதும் ஒன்று. நாங்கள் ஜே போல்ட் (கொக்கி போல் வளைந்த போல்ட்) போட்ட காலத்தில் தார் வாஷர் வைத்து, ஸ்பானரால் கையால் முடுக்குவோம். எங்கே நிறுத்த வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத் தெரியும். இப்போது மின்சார டிரைவர். சந்தைக் கொட்டகையில் நான் எண்ணிய முப்பது ஸ்குரூக்களில் பதினொன்று மேட்டை அமுக்கிக் குழியாக்கியிருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் ஒரு மூடி அளவு தண்ணீர் தேங்கி, நடுவில் ஓட்டை. வாஷரின் ரப்பர் லேசாகப் பிதுங்கினால் போதும், பிய்ந்து வெளியே வந்தால் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று உங்கள் செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். தேவையில்லை. சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுக்கட்டும். மேல் வரிசையின் ஸ்குரூவைக் கழற்றி, தகட்டைத் தூக்கி, துடைத்துக் காயவைத்து, டேப் ஒட்டிப் பூட்டட்டும். பக்க லேப்பிலும் அதேபோல் டேப் கொடுத்து, இரண்டு தகடுகளையும் சேர்த்துத் தைக்கும் சிறு ஸ்குரூக்களை ஒன்றரை அடிக்கு ஒன்று போட்டால், வாய் தவறான திசையைப் பார்த்தாலும் திறக்காது. குழியான இடங்களில் பெரிய வாஷர். கோடையில் பத்து நாள் வேலை. முடிந்ததும் தீயணைப்பு வண்டி கேட்க வேண்டாம், ஒரு மோட்டார் பம்பும் குழாயும் போதும். கிழக்கிலிருந்து அரை மணி நேரம் பீய்ச்சிவிட்டு அப்புறம் பில்லில் கையெழுத்துப் போடட்டும்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் ஒவ்வோர் இடமாகக் காட்ட நான் தயார். ஏணி என்னிடமே இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். ஒன்பதுக்கு மேல் தகட்டில் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூரைத் தொழிலாளி,
மன்னார்குடி வட்டம்.