கோப்பையில் யார் முகம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண் விஞ்ஞானிகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தச் சிறுவர் பகுதியில் வந்த முளைவிதைக் கைவேலை அருமை. காகிதக் கோப்பையில் முகம் வரைந்து, உள்ளே ஈரப்பஞ்சு வைத்துக் கடுகு தூவினால், ஒரு வாரத்தில் பச்சைத் தலைமுடி தயார். குழந்தைகளுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் மூக்குக்கண்ணாடியும் வெள்ளை அங்கியும் வரைந்துவிட்டால் விஞ்ஞானி ஆகிவிடுமா? யாருடைய முகம் என்று சொல்லியிருக்கலாம். செடிகளோடே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்களே. கரும்பு ஆய்வில் பெயர் பெற்ற ஜானகி அம்மாள், பிரிட்டிஷ் உயிரியலாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை) எண்ணிக்கைகளை 1945-ல் நூலாகத் தொகுத்தவர். பார்பரா மெக்லின்டாக், மக்காச்சோள மணிகளில் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்த நிறப் புள்ளிகளை விடாமல் துருவி, மரபணுக்கள் இடம் மாறும் என்று கண்டறிந்தார். பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 81.

அதனால்தான், முடியைக் கத்தரியால் சமமாக வெட்டச் சொல்லும் கடைசிக் குறிப்பு உறுத்தியது. மற்றதைவிட உயரமாகப் போனது, முளைக்காமல் அடம்பிடிப்பது, இதையெல்லாம்தானே குழந்தை உற்றுப் பார்க்க வேண்டும்?

இன்னொரு கோப்பையும் கொடுக்கலாம். அதே பஞ்சு, அதே விதை, அதே தண்ணீர். இது மட்டும் அலமாரிக்குள், இருட்டில். எது உயரமாக வளரும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் இருப்பதுதான் என்று பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். திறந்து பார்த்தால், இருட்டில் இருந்தது நெடுநெடுவென்று வெளிறிய மஞ்சளாக நிற்கும். இலை சரியாக விரிந்திருக்காது. விதையில் இருந்த சேமிப்பையெல்லாம் வெளிச்சம் தேடித் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்திருக்கும். சேமிப்பு தீர்வதற்குள் வெளியே எடுத்து வைத்தால் மெல்லப் பச்சை பிடிக்கும். ஜன்னலோரக் கோப்பையோ வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். திருப்பி வைத்துப் பாருங்கள், மறுபடி அந்தப் பக்கமே சாயும்.

அப்புறம் தண்ணீர். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், விதை மூழ்கக் கூடாது. விதைக்கும் காற்று வேண்டும். இல்லாவிட்டால் அழுகி நாற்றம் எடுக்கும். குறிப்பில் இது விட்டுப்போயிருந்தது.

அடுத்த இதழில் தேதி, உயரம், நிறம் எழுத ஒரு சின்னக் கட்டம் போட்டுக் கொடுங்கள். அழகான முகத்துக்குப் பரிசு அறிவித்திருக்கிறீர்கள், சரி. நிரப்பி அனுப்பிய கட்டத்துக்கும் ஒன்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்