காகித விளக்கு: அடுத்த மாதிரிக்கு முன்

நண்பர்களே, பைன் கூம்பின் சுருள்களைப் பார்த்து (ஒரு திசையில் சுற்றுபவை 8, எதிர்த்திசையில் 13) மடித்த விளக்குக் கூட்டின் முதல் மாதிரி நேற்று முடிந்தது. பார்க்க அழகுதான், ஆனால் நிற்கவில்லை. மடிப்புகள் கூடும் முனைகளில் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் கிழிந்துவிட்டது. அடுத்ததற்கு 120 எடுங்கள். மை தீர்ந்த பேனாவால் கோடுகளை அழுத்திவிட்டு மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். மேட்டு மடிப்பையும் (மேலே புடைத்து நிற்பது) பள்ள மடிப்பையும் (உள்ளே குழிவது) வேறு வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக மடித்துத் தொலைத்தேன்!

அப்புறம், உள்ளே எல்இடி மட்டும்தான், மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். விளக்கைப் போட்டதும் ஒட்டிய விளிம்பு கறுப்புக் கோடாகத் தெரியும். அதை 5 மில்லிமீட்டருக்குள் அடக்கி, ஏதாவது ஒரு மடிப்போடு சேர்ந்து வரும்படி வையுங்கள். படங்களை இங்கேயே போடுங்கள்.